மஸ்டாங்குக்கு முதலில் பிரேக், பிறகுதான் எஞ்சின்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1965, 66 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார்களைப் புதுப்பித்து, இன்றைய எஞ்சினும் கியர்பாக்ஸும் பொருத்தி ஓட்டும் அமெரிக்கர்களைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வேலையின் வரிசை தலைகீழாக இருக்கிறது. எஞ்சினில் தொடங்கி, பிரேக்கைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். அந்த வரிசையில் கட்டிய கார் ஓடும், மிதித்தால் நிற்காது.

கட்டுரை அன்றைய 271 குதிரைத்திறனையும் இன்றைய 460-ஐயும் நேருக்கு நேர் ஒப்பிட்டதிலும் ஒரு பிசகு. அன்றைய 289 கன அங்குல எஞ்சினின் உயர்ரகத்துக்கு விளம்பரத்தில் போட்ட 271 குதிரைத்திறன், எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, காரின் சைலன்சர் முதலான சுமைகள் இல்லாமல் அளந்த கணக்கு. 2018 மஸ்டாங் ஜிடியின் 460, எல்லாம் பூட்டிய நிலையில் அளந்தது. ஆக, உண்மையான இடைவெளி நீங்கள் அச்சிட்டதைவிடப் பெரியது.

முதல் வேலை துரு பார்ப்பது. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் பட்டி பூசி மறைத்த ஓட்டை இருந்தால், புது எஞ்சினின் முறுக்கு விசை அங்கேதான் போய் இழுக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடை இருக்கிறதே, அதற்குள்தான் துரு அதிகம். தரை விரிப்பை எடுத்துவிட்டு, சல்லடையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால், ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல் தகட்டைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். மேலே சிலிக்கான் பூசுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

அடுத்து பிரேக். 1966 வரை வந்த மஸ்டாங்கில், பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, ஒரே வழி. ஒரு சக்கரத்தின் ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1967-ல்தான் இரட்டை அறை வந்தது. 200 குதிரைத்திறன் காரானாலும் இதை மாற்றாமல் சாலையில் இறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முன்னால் டிரம்மை எடுத்து டிஸ்க் போடுகிறவர்கள் தவறுவது மூன்று இடங்களில். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு உண்டு; அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் விடாமல் உரசும். பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இல்லாவிட்டால், அவசரமாக மிதிக்கும்போது பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மூன்றாவது பெடலிலிருந்து வரும் தள்ளுகோல். அது ஒரு மயிரிழை நீளமாக இருந்தாலும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது. பிரேக் எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் சூட்டில் பிரேக் தானாகப் பிடிக்கத் தொடங்கும். காலை எடுத்த நிலையில் தள்ளுகோலில் சிறிது ஆட்டம் தெரிய வேண்டும்.

நான்கு போல்ட் சக்கரம் என்றால் அது ஆறு சிலிண்டர் கார். எட்டு சிலிண்டர் வி8 ஏற்றுவதானால் முன் சக்கரம் சுழலும் ஸ்பிண்டில், பின் ஆக்ஸில் எல்லாம் மாறியாக வேண்டும்.

இனி எஞ்சின். கட்டுரை புகழும், ஃபோர்டின் இன்றைய 5.0 லிட்டர் வி8 ஆன கொயோட் எஞ்சின் தலைப்பகுதியில் மிக அகலம். எஞ்சின் அறையின் இரு பக்கமும் நிற்கும் ஷாக் டவர்களை வெட்டாமல் உள்ளே இறங்காது. அந்த டவர்தான் சுருள் ஸ்பிரிங்கையும் மேல் ஆர்மையும் தாங்குகிறது. வெட்டினால் முன் சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றி, சுமை இறங்கும் புது இடத்தில் உடம்புக்கு வலுவூட்ட வேண்டும். கைதேர்ந்த டிங்கரிங் ஆள் இல்லாமல் இதில் கைவைக்காதீர்கள்.

நடைமுறைக்கு ஏற்றது 1980-களின் பின்பாதியில் வந்த 5.0 எச்.ஓ. (ஹை அவுட்புட்) எஞ்சின். பழைய 289-இன் அதே குடும்பம், அதே மவுன்ட். ஆனால் பழையதும் புதியதும் கலக்கும்போதுதான் வில்லங்கம். 289-க்கு, கிராங்கின் பின்முனையில் உள்ள ஃப்ளைவீலிலும் முன்முனையில் அதிர்வைக் குறைக்கும் டேம்பரிலும் 28 அவுன்ஸ்-அங்குலச் சமன் எடை, 5.0 எச்.ஓ.வுக்கு 50. பழைய ஃப்ளைவீலையே மாட்டினால் வேகம் ஏற ஏற நடுக்கம் கூடும். டயரைச் சமன்செய்து, டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி மாட்டி மாதக்கணக்கில் தேடுவார்கள். அதற்குள் கிராங்க் பேரிங் தேய்ந்துவிடும். சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசையும் வேறு: பழையது 1-5-4-2-6-3-7-8, எச்.ஓ. கேம்ஷாஃப்டுக்கு 1-3-7-2-6-5-4-8. எண்ணெய்த் தொட்டியும் முன்பக்கக் குழி உள்ளதாக வேண்டும், எச்.ஓ.வோடு வரும் இரட்டைக் குழித் தொட்டி ஸ்டியரிங் இணைப்பில் இடிக்கும். எச்.ஓ.வின் வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுழல்வது. அதற்குப் பழைய வி-பெல்ட் போட்டால் தண்ணீர் சரியாக ஓடாமல் எஞ்சின் கொதிக்கும்.

டி5 ஐந்து கியர் பெட்டியைக் கட்டுரை பாராட்டியது சரியே. 3.55 விகிதப் பின் ஆக்ஸில், 25 அங்குல விட்டமுள்ள டயர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 60 மைலில் நேர் கியரான நாலாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,860 சுற்று, 0.68 விகித ஐந்தாம் கியரில் 1,950. நெடுஞ்சாலையில் காதுக்கும் எரிபொருளுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் போடுகிறவர்கள் ஹோஸைக் கவனிக்க வேண்டும். கார்புரேட்டருக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. போதும், இன்ஜெக்‌ஷனுக்குப் பெரும்பாலும் 40 முதல் 60 வரை. பழைய ஹோஸும் திருகுக் கிளிப்பும் அதைத் தாங்கா. அதுவும் இந்தக் காரில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை! டேங்க் உடைந்தால் பெட்ரோலும் தீயும் உள்ளே வராமல், பின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் எஃகுத் தகடு ஒன்றை வெல்டு செய்வது செலவு குறைந்த, அவசியமான வேலை.

தொடர் அடுத்த வாரமும் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் முதல் படமாக இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரை வெளியிடுங்கள். எஞ்சின் படம் இரண்டாவதாக வரட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் தொழில் வாசகர்