வீடு திரும்பிய தேதி

அன்புள்ள சரஸ்வதிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் போடாததற்குக் கண்புரை அறுவையைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கண் நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று ஊசியில் நூல்கூடக் கோத்தேன். உன் கேள்விக்கு இரண்டு முறை பதில் எழுதி இரண்டையும் கிழித்துப் போட்டேன் என்பதே உண்மை.

பேத்திக்கு இருபது மாதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எல்லோரும் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள், இது ஆட்டிசமோ (பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை), அப்படியானால் செலவைக் காப்பீடு தருமா என்று எழுதியிருந்தாய். பொறுக்காதே. "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். சொன்னவள் நான்தான். அந்த ஒரு வாக்கியத்துக்கு, ஆட்டிசம் உள்ள என் பேரன் எட்டு மாதம் கொடுத்தான்.

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல். அது சரியாக இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாளைக் கேட்டு வாங்கச் சொல். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென்றே 20 கேள்விகள் கொண்ட ஒன்று இருக்கிறது; பதில் சொல்லப் பத்து நிமிடம் போதும். விரலால் சுட்டிக் காட்டுகிறதா, நீ சுட்டிய பக்கம் பார்க்கிறதா என்பது போன்ற கேள்விகள்தான். அதில் அதிக மதிப்பெண் வந்தால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. அடுத்த கட்டப் பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18, 24 மாதங்களில் எல்லாக் குழந்தைகளையும் இப்படிப் பார்க்கச் சொல்கிறது. இரண்டு வயதிலேயே அனுபவமுள்ளவர்களால் நம்பகமாகச் சொல்லிவிட முடியும். ஆனாலும் அங்கேயே ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய நான்கு வயதுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. தடுப்பூசியால் வந்ததோ என்று உன் மருமகள் தன்னைத்தானே வதைத்துக்கொள்கிறாளாமே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புரளியைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

இனி பணம். இரண்டு முறை கிழித்தது இந்த இடத்தில்தான்.

முப்பது வருடம் நான் காப்பீட்டு நிறுவனத்தில், பணம் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். எங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: மருத்துவமனையில் சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி. இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும் "முழுமையற்றது" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவேன். பேச்சுப் பயிற்சிக்கான ரசீதுகளைக் கட்டுக்கட்டாக நூல் போட்டுக் கட்டி அனுப்பிய தாய்மார்கள் இருந்தார்கள். அந்தக் குழந்தைகள் எங்கேயும் படுக்கவில்லை, எங்கிருந்தும் வீடு திரும்பவும் இல்லை. முத்திரை குத்தினேன். இதில் எனக்கு யார்மேலும் விரோதம் கிடையாது. மதியம் அந்தக் கையாலேயே சாப்பிட்டேன்.

எனக்குப் பின்னால்தான் புரிந்தது. காப்பீடு என்ற ஏற்பாடே திடீரென்று வந்து விழும் இடிக்காக யோசிக்கப்பட்டது. எலும்பு முறியும், அறுப்பார்கள், தைப்பார்கள், கணக்கு முடியும். ஆட்டிசத்துக்கு வேண்டியதோ வாரத்துக்குச் சில மணிநேரம், ஒரு பாய், பொறுமையான ஒரு மனிதர், சில வருடங்கள். எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பாய் என்றதும் நினைவு வருகிறது. பேரனுக்கு ஒரு சிவப்புப் பம்பரத்தின் மேல் உயிர். பேச்சுப் பயிற்சி தரும் பெண் அதை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் போட்டு இறுக்கி மூடி அவன் முன்னால் வைப்பாள். அவனால் திறக்க முடியாது. முதல் மாதம் ஜாடியைத் தரையில் உருட்டி அழுதான். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, ஏதோ ஒரு கருவியை எடுத்து வைப்பது போல, மூடிமேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும்தான். அவளும் அசையாமல் காத்திருப்பாள். நான்காவது மாதம் ஒருநாள், கையை வைத்துவிட்டு நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். அரை நொடி. அவள் உடனே திறந்துவிட்டாள். வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த அரை நொடியைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படி எழுதுவாய்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை "முன்னேற்றம் என்ன" என்று கேட்பார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மணிநேரத்தைக் குறைப்பார்கள். அந்தப் பெண் எழுதியது: "பொருளைக் கேட்கும்போது கண்ணைப் பார்த்தல் 10க்கு 4 முறை; ஆறு மாதம் முன்பு 10க்கு 0." எனக்கு முதலில் வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு அறுபது கோப்புகளைத் திறப்பவருக்கு எண்தான் கண்ணில் படும். அது எனக்குத் தெரியாதா?

அமெரிக்காவில் இந்தச் சண்டை சட்டமன்றங்களுக்கே போனது. 2001இல் இந்தியானா மாநிலம்தான் முதலில் காப்பீட்டு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திச் சட்டம் போட்டது. 50 மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் வழிக்கு வர 2019 ஆயிற்று. அதற்குள் பிறந்த குழந்தைகள் வளர்ந்து வாக்களிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்! பல சட்டங்களில் வயது வரம்பு, ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற தொகை வரம்பு. ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கும் பெரிய நிறுவனங்கள் மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநிலச் சட்டம் அவற்றைத் தொடவே தொடாது. பாலிசி கையில் இருக்கிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்கிவிடாதே. கடைசிப் பக்கத்தில் விலக்குகள் என்று பொடி எழுத்தில் இருக்கும். "வளர்ச்சிக் குறைபாடு", "பிறவிக் குறைபாடு" என்ற சொற்களை அங்கே தேடு.

இதெல்லாம் கிடைத்தாலும் பயிற்சி தர ஆள் கிடைக்க வேண்டுமே. எங்களுக்குத் தந்த பட்டியலில் பதினொரு பெயர். மகள் பதினொன்றுக்கும் போன் செய்தாள். மூன்று எண்கள் வேலை செய்யவில்லை, இருவர் பெரியவர்களை மட்டும் பார்ப்பவர்கள், மற்ற எல்லோரிடமும் வரிசை. மிகக் குறுகிய வரிசை ஒன்பது மாதம். அப்போது அவனுக்கு முப்பது மாதம். வாழ்ந்த வாழ்க்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காத்திருக்கச் சொன்னார்கள். இதற்கு நடுவில் "இது கல்வி சார்ந்தது, பள்ளியைக் கேளுங்கள்" என்று நிறுவனமும், "இது மருத்துவம் சார்ந்தது, காப்பீட்டைக் கேளுங்கள்" என்று பள்ளியும் பந்தாடியதைத் தனியாக ஒரு கடிதத்தில் எழுத வேண்டும். ஆகவே மருத்துவர் தரும் கடிதத்தில் "மருத்துவ ரீதியாக அவசியம்" என்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்கச் சொல்.

வரிசையில் நிற்கும்போது சும்மா இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள 152 சிறு குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, "இங்கே அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா" என்று கற்றுக்கொடுத்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது குழந்தைகளின் அறிகுறிகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பெற்றோர் பழகும் விதம்தான் மாறியிருந்தது. சில வருடம் கழித்து அதே குழந்தைகளில் பெரும்பாலோரைத் திரும்பப் பார்த்தார்கள்; அந்த முடிவு 2016இல் வந்தது. இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் அறிகுறிகளின் கடுமை, பெறாத மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் பலன் காட்டச் சொல்லும் என் பழைய மேஜை இதை முதல் வருடமே நிராகரித்திருக்கும்.

வாரம் நாற்பது மணிநேரப் பயிற்சி கொடுத்தால்தான் ஆகும் என்று மிரட்டுபவர்களும் வருவார்கள். 1987இல் ஒரு ஆய்வு அப்படிச் சொன்னது. அதில் அந்தப் பயிற்சி பெற்றவர்கள் வெறும் 19 குழந்தைகள். எண்ணிக்கைக்காகக் குழந்தையைப் பிழியாதீர்கள். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்களே இன்று "எங்களை மற்றவர்கள் போலாக்க வேண்டாம், நாங்கள் சொல்வது புரிந்தால் போதும்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது.

காது பரிசோதனைக்கு நாள் கிடைத்ததும் எழுது. கிளெய்ம் போட்டு மறுப்புக் கடிதம் வந்தால் அழுதுகொண்டிருக்காமல் உறையோடு எனக்கு அனுப்பு. உறையைத் தூக்கிப் போட்டுவிடாதே. கடிதம் எப்போது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, முறையீட்டுக்குக் கெடு உண்டு. பதிலை நான் எழுதித் தருகிறேன். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த வரியில் கண்ணை நிறுத்துவார் என்று எனக்குத் தெரியும்.

உன்
விசாலாட்சி