பண்டாரவளை வீடும் உன் கல்லடியும்

வெள்ளவத்தை
22.02.2026

அன்பின் மச்சான்,

புயலுக்கு மறுநாள் இரண்டு நிமிடம் கதைத்ததுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பிழைதான், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ஓகஸ்டில் இரண்டாவது. மாஸ்டரைப் போன கிழமை தமிழ்ச் சங்க நூலகத்தில் கண்டேன். உன்னை விசாரித்தார். குடையை இன்னும் மறக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். பண்டாரவளையில் ஒரு வீட்டைப் பார்த்து, டிசம்பரில் முற்பணம் கொடுப்பதாக இருந்தேனே, அந்தக் கதை மாறிவிட்டது.

மலரின் இழுப்பு உனக்குத் தெரியும். இங்கே மூன்றாம் மாடியில் கடல்காற்று வருகிறது என்று பெயர்தான். மார்ச், ஏப்ரலில் இரவு பதினொரு மணிக்கும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. அலுமாரியில் இருக்கும் அவளுடைய கூறைச் சேலையில்கூடப் பூஞ்சணம். ஒக்டோபரில் பண்டாரவளையில் நாலு நாள் நின்றோம். அந்த நாலு நாளும் அவள் பம்பைத் தொடவே இல்லை, மச்சான். ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். ஆண்டு முழுக்க 20 பாகையைச் சுற்றியே நிற்கும் சுவாத்தியம். காலையில் சந்தைக்கு நடந்து போய் லீக்சும் கரட்டும் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்காமல் அந்த ஏற்றத்தில் திரும்பி வந்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஊர் வேண்டாம் என்றாகிவிட்டது.

பொழுதுபோக்கு என்று நீ கேட்பாய். பகலுக்குக் குறைவில்லை. கோச்சியில் ஏறினால் எல்ல. மற்றப் பக்கம் போனால் அப்புத்தளை, அங்கே மேகம் தெருவில் நம்மோடு நடந்து வரும். இரவுதான் கஷ்டம். ஏழு மணிக்கு ஊர் அடங்கிவிடும். சங்கத்துக் கூட்டம், மரைன் டிரைவ் நடை, ஆடிவேல் எல்லாவற்றையும் விட்டுப் போகவேண்டும். அதுக்கும் மனதைத் தயார்ப்படுத்தியிருந்தேன்.

அப்புறம் நவம்பர் 28. டித்வா புயல் உங்கள் கிழக்குக் கரையில்தான் ஏறியது, ஆனால் மலைநாட்டைத்தான் அதிகம் தின்றது. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று எங்கு பார்த்தாலும் மண்சரிவு. கோச்சிப் பாதையும் பல இடங்களில் உடைந்து போனது. வீட்டுக்காரர் மட்டும் ஃபோனில் "நம்ம வீட்டுக்கு ஒண்டும் இல்லை" என்றார். போய்ப் பார்க்காமல் விடக்கூடாது என்று போன கிழமை பஸ்ஸில் போனேன். பெரகலைச் சந்தியில் கொஸ்லந்தைப் பக்கம் பாதை பிரியும் இடத்தைக் கடந்தபோது மீரியபெத்தை மண்சரிவு ஞாபகம் வந்தது. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், லயங்கள் அப்படியே மண்ணுக்குள். அந்த இடம் ஆபத்து என்று 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தார்கள். சொன்னால் போதுமா? அந்தச் சனம் எங்கே போவது? மாற்று இடம் கொடுத்தால்தானே எழும்பிப் போகலாம்! நானோ விரும்பிப் போய்ச் சரிவில் வீடு வாங்கப் பார்க்கிறேன்.

வீட்டின் பின்மதிலில் ஒரு சீமெந்துப் பூச்சு இருந்தது. ஒக்டோபரிலும் பார்த்தேன். அக்கறையான மனிதர், பழுது பார்த்து வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது அதே கோடு திறந்துவிட்டது. என் சுண்டுவிரல் இரண்டாம் கணு வரை உள்ளே போகிறது. அதுக்கு மேலே நின்ற கொய்யா மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு அம்மா. வேலியடியில் வந்து நின்று, "மழை விட்டு மூணு நாளைக்கப்புறமும் சொவத்தடியில சேத்துத் தண்ணி வந்துச்சுங்க ஐயா" என்றார். வெடிப்பு, சாயும் மரம், புதிதாய்க் கலங்கி வரும் ஊற்று. மண் நகர்வதுக்கு அடையாளம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறவைதான். மூன்றும் அந்த ஒரே வளவில்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் எழும்பி ஓடு என்பது அவர்கள் கணக்கு. 1992 ஜூனில் கொழும்பில் ஒரே நாளில் 490க்கு மேல் பெய்ததே, ஞாபகமா? நாங்கள் கட்டிலில் ஏறி இருந்தோம், தண்ணீர் வடிந்தது, பாயைக் காயப்போட்டோம். அதில் மூன்றில் ஒரு பங்கு அந்தச் சரிவில் பெய்தால், மலரையும் பம்பையும் தூக்கிக்கொண்டு இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவேன்?

ஊரை நான் பிழை சொல்லவில்லை. அதே பண்டாரவளையில், மேட்டில் சமதரையாய் இருக்கும் வளவுகளில் ஒன்றும் ஆகவில்லை. ஊரின் பெயரைப் பார்த்து வீடு வாங்கக்கூடாது, பின்பக்கம் போய் நிற்கவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் கோபம்.

நீ மட்டக்களப்புக்கு வா என்று பத்து வருடமாய்ச் சொல்கிறாய். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உன் வீட்டு முற்றத்தில் அப்பளம் பொரிக்கலாம், அதை முதலில் ஒத்துக்கொள். ஆனால் ஒன்று, மச்சான். இருபது வருடமாய்க் கேட்கத் தயங்கியதை இப்போது கேட்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு, ஒரு பக்கம் கடல் மறு பக்கம் வாவி என்றிருக்கும் அதே கல்லடியில், அக்கா இருந்த அதே வளவில் நீ திரும்பவும் வீடு கட்டினாய். அன்றைக்குப் பிடிவாதம் என்று நினைத்தேன், சொல்லவில்லை. இரவில் கடல் இரைந்தால் உனக்கு நித்திரை வருகிறதா? என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறாய்? எனக்கு உண்மையைச் சொல்லு.

புரோக்கர் அதே ஊரில் மேட்டு வளவு ஒன்று இருக்கிறது என்கிறார். விலை கூட. பங்குனிக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். மலர் போவோம் என்கிறாள். உன் கடிதம் வரும்வரை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

உன்,
இராசன்