வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: அண்டி படித்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பாறசாலையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கடந்த பொதுக்குழுவுக்குப் பிறகு நம் வாசிப்பு வட்டம் பத்து முறை கூடியது. ஒரு கூட்டம் மழையில் போயிற்று. இன்னொன்றைக் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சி கொண்டுபோயிற்று. வைத்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டீர்கள், நானும்தான். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். சந்தா பாக்கி விவரத்தைப் பொருளாளர் கணக்கோடு சேர்த்து வாசிப்பார். பெயர் சொல்லிப் பகை தேடிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

கண்டதையும் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு வருடம் முழுக்க ஒரே பொருளைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பது என்று சென்ற ஆண்டு தீர்மானம் போட்டோம். எந்தப் பொருள் என்பதில் அரை மணி நேரம் சண்டை நடந்தது. ரப்பர் என்றவர்கள் தோற்றார்கள், அண்டி வென்றது. வெளியூரிலிருந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பக்கம் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பேர். அதை உடைக்கும் இடத்தை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அம்மாவோ அக்காவோ மாமியாரோ அண்டி ஆபீசுக்குப் போனவர்கள். ஆறு பேர் தாங்களே போனவர்கள்.

நாங்கள் படித்த வரையில், வேதியியல்காரர் எண்ணெயைப் பற்றி எழுதுகிறார். தோல் மருத்துவர் கொப்புளத்தைப் பற்றி எழுதுகிறார். தொழிலாளர் வரலாறு படித்தவர் கூலியை எழுதுகிறார், கருவி வடிவமைப்பவர் மிதிகட்டையை எழுதுகிறார். நாலு பேரும் எழுதுவது அண்டி தல்லும், அதாவது ஓட்டை உடைக்கும் பெண்ணின் ஒரே கையைப் பற்றித்தான். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் திறந்துகூடப் பார்த்த மாதிரித் தெரியவில்லை. இந்த அறிக்கை கொஞ்சம் நீண்டுபோனதற்கு அதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று கூட்டமும் வேதியியலுக்கே சரியாகிவிட்டது. அண்டியின் ஓட்டுக்குள் தேன்கூடு மாதிரி சிறு அறைகள் உண்டு, அவற்றில்தான் ஓட்டெண்ணெய் இருக்கிறது. சூடு படாத எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம், மீதியில் கார்டால், கார்டனால் என்று இன்னும் இரண்டு பொருட்கள். ஓய்வு பெற்ற நம் வேதியியல் ஆசிரியர் அந்த அமிலத்தைப் பலகையில் வரைந்து, வாலைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்போ இது யாரு?" என்று கேட்டார். சாலிசிலிக் அமிலம். காலாணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் இருக்கிறதே, அதேதான். கையை எடுத்ததும் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால் தெரிந்தது. தலைப்பாகம் தோலை உரிக்கிறது. வால் எண்ணெய்ப் பசையுள்ளது என்பதால் தோலில் இருக்கிற கொழுப்போடு கலந்து உள்ளே போகிறது. எவ்வளவு வெள்ளம் விட்டுக் கழுவினாலும் போகாததற்குக் காரணம் அந்த வால்தான்.

நல்ல சூட்டில் இந்த அமிலத்திலிருந்து கரியமில வாயு கழன்று, அது கார்டனாலாக மாறிவிடும். பழைய முறையில் அண்டியை உருளையில் போட்டு வறுத்தார்கள். ஊரெல்லாம் கண்ணெரிச்சல், புகை. இப்போது ஆவியில் அவிக்கிறார்கள், புகை குறைந்தது. ஆனால் அவிக்கிற சூட்டில் எண்ணெய் ஓட்டை விட்டு அதிகம் வெளியேறுவதில்லை, அமிலமும் பெரும்பாலும் அமிலமாகவே இருந்துவிடுகிறது. ஊர்க்காரர் மூக்குக்குக் கிடைத்த நிம்மதிக்கு உடைக்கிறவர் விரல் விலை கொடுக்கிறது என்று நம் துணைத்தலைவர் சொன்னார். கொஞ்சம் மிகைதான், இருந்தாலும் குறிப்பில் சேர்த்துவிட்டேன். உடைத்த ஓட்டைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்க்குத் தனி வியாபாரமே உண்டு. வண்டிகளின் பிரேக் லைனிங், கப்பலுக்கு அடிக்கும் பெயிண்ட், எபாக்சிப் பசையை இறுக வைக்கும் பொருட்கள் எல்லாவற்றிலும் கார்டனால் இருக்கிறது.

அண்டி, மா, சேங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு பொத்துப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. சேங்கொட்டைச் சாற்றால் வண்ணார் துணிக்குக் குறி போட்ட காலத்தில், குறி பட்ட இடத்தில் உடுத்தியவருக்குச் சொறி வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அதில் ஒரு கட்டுரையை வாசித்த அன்று கூட்டம் முடிய ராத்திரி ஒன்பதாகிவிட்டது.

மூன்றாம் கூட்டத்தில்தான் பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் எழுந்தார். இருபத்திரண்டு வருடம் தல்லியவர். "சார், இவ்வளவும் எழுதினவங்க சாம்பலைப் பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டார். தேடினோம். பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி அகப்பட்டது. அடுத்த மாதம் அக்கா காகிதப் பொட்டலத்தில் சாம்பல் கொண்டுவந்தார். துணியில் சலித்த விறகுச் சாம்பல், மாவு மாதிரி இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, விரலிடுக்கில் தேய்த்து, நகக்கண்ணில் அமுக்கி வைத்தார். "கண்ணுக்கு மை போடுகது போல பைய வைக்கணும். வெளுத்திருக்க வரைக்கும் கை நல்லாயிருக்கும். கறுத்தா எண்ணெயைக் குடிச்சிட்டுன்னு அர்த்தமாக்கும். உடனே தட்டிட்டு வேற பூசணும். தட்ட நேரமில்லாதவதான் கை வெந்து நிப்பா."

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் விளக்கினார். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். எண்ணெயை உறிஞ்சுவதோடு அமிலத்தையும் ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். கார்டாலும் கார்டனாலும் அப்படி எளிதில் மடங்காது. சாம்பலின் காரமே தோலை வறட்டி வெடிக்க வைக்கும், வெடிப்பு வழியாக எண்ணெய் இறங்கும். அக்கா சொன்னதும் சரி, அது போதாது என்பதும் சரி. ஆனால் நிறம் மாறினால் மாற்று என்கிற அந்தக் கணக்கு எந்தக் கட்டுரையிலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நமக்கு வகுப்பெடுத்த தோல் மருத்துவர் கையழற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, எண்ணெய் நேராகத் தோலைப் பொசுக்குவது. அது யாருக்கும் வரும். மற்றது ஒவ்வாமை. உடம்பு ஒரு முறை பழகிவிட்டால் அடுத்த முறை துளி பட்டாலும் பொங்கும். எது என்று பார்க்க முதுகில் ஒட்டுச் சோதனை செய்வார்கள்: 48 மணி நேரம் ஒட்டி வைத்து, எடுத்துப் பார்த்து, ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. வெக்கையில் வேலை முடிந்து குளிக்காமல் யார் படுப்பார்கள்? மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று நாள் கூலி போகும். நாம் ஏற்பாடு செய்த முகாமுக்கு முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள், மூன்றாம் முறை வந்தவர் ஒருவர். தவறு அவர்களுடையதல்ல, அடுத்த முறைகள் வேலை நாளில் விழும்படி சனிக்கிழமை தொடங்கிய என்னுடையது.

அந்த முகாமில் மருத்துவர் கேட்காத ஒரு விஷயம் வெளியே வந்தது, ரேகை. வருடக்கணக்காக எண்ணெய் பட்டு உரிந்து உரிந்து விரல் நுனி வழவழவென்று ஆகிவிடுகிறது. ரேஷன் கடைக் கருவியில் விரல் வைத்தால் ஏற்பதில்லை. ஒரு அக்கா கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, பையை மடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். மறுநாள் பள்ளிக்கூடம் போகிற மகளை லீவு போட வைத்துக் கூட்டிப்போய் அரிசி வாங்கினார். இப்போது சில கடைகளில் கருவிழிக் கருவி வந்திருக்கிறது. விரல் ரேகைக் கருவியை வடிவமைத்தவர்கள் ஒரு அண்டி ஆபீஸ் கையையாவது அதில் வைத்துப் பார்த்திருந்தால் என்று தோன்றியது.

கூலிக்கு வருகிறேன். கேரளத்து அண்டித் தொழிலாளர்களின், 1930களிலிருந்து தொடங்கும் வரலாற்றை ஸ்வீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்னா லிண்ட்பெர்க் ஆராய்ந்திருக்கிறார். தல்லும் வேலையும் தோலி உரிக்கும் வேலையும் எடைக்கூலி, தரம் பிரிப்பது நாட்கூலி. கையைக் கறுக்க வைக்கும் தல்லு வேலை பெரும்பாலும் தலித் பெண்களுக்கு, வெள்ளையாக இருக்கும் வேலை மற்றவர்களுக்கு என்று சாதியும் அதற்குள் இருந்தது. வீட்டைத் தாங்கியவள் பெண்ணாக இருந்தாலும், புருஷன் சம்பாத்தியத்துக்குத் துணை சேர்ப்பவள் என்றே அவளைக் கணக்கில் வைத்தார்கள் என்பது அவர் காட்டும் முக்கியமான விஷயம். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி ஏறியபோது தொழில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் சேர்ந்தபோது அண்டி ஆபீசை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரு கூலி, இங்கே ஒரு கூலி, நடுவில் எல்லையூரான களியக்காவிளை. பாறசாலை உறுப்பினர்களும் நம் உறுப்பினர்களும் அன்று கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினார்கள். குறிப்பேட்டில் 'விவாதம் நடந்தது' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

இந்த எடைக்கூலிதான் கையுறையைத் தோற்கடிக்கிறது. 'தொழிலாளர்கள் கையுறை அணிய ஊக்குவிக்கப்பட வேண்டும்' என்று கடைசிப் பத்தியில் எழுதி முடிக்கும் கட்டுரைகளை எண்ணி எண்ணிச் சலித்துவிட்டது. தல்லும் மேசையைப் பார்த்தால் விஷயம் புரியும். அண்டியின் வளைவுக்கேற்ற இரண்டு கத்தி அலகு, கையில் ஒரு பிடி, காலில் ஒரு மிதிகட்டை. அண்டியை இடுக்கில் நிறுத்தி, பிடியை அழுத்தி ஓட்டைக் கீறி, மிதித்து இரண்டாகப் பிளக்க வேண்டும். எதிரே இருப்பவர் பருப்பைச் சின்னக் கத்தியால் நெம்பி எடுப்பார். பருப்பு முழுசாக வந்தால்தான் காசு. எங்கே அழுத்தினால் உடையும் என்று சொல்வது விரல் நுனி. தடித்த கையுறை போட்டால் அது மரத்துப்போகும், பருப்பு நொறுங்கும், கிலோ குறையும்.

டிசைன் படிக்கும் நம் இளம் உறுப்பினரும், பட்டறை வைத்திருக்கும் அண்ணனும் சேர்ந்து நாலு மாதம் இதில் மெனக்கெட்டார்கள். இயற்கை ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் எண்ணெயைத் தாங்கும். ரப்பர் விளையும் ஊரில் உட்கார்ந்து இதை எழுதக் கூசுகிறது, என்ன செய்ய. மெல்லிய நைட்ரைல் கையுறையை எட்டுப் பேருக்குக் கொடுத்தோம். இதை ஆய்வு என்று யாரும் வெளியே சொல்ல வேண்டாம். மூன்று பேர் இரண்டாம் நாளே கழற்றிவிட்டார்கள்: உள்ளே வியர்த்து வழுக்குகிறது, சாம்பல் ஒட்டவில்லை. ஐந்து பேர் வேறொன்று செய்தார்கள். கையுறையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் வெட்டி உறை மாதிரி போட்டுக்கொண்டு, மற்ற விரல்களுக்குச் சாம்பல் பூசினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பட்டறை அண்ணன் மிதிகட்டையை நாலு விரற்கடை தாழ்த்திக் கொடுத்த ஒரு மேசையில் இப்போது முறை வைத்துத்தான் உட்காருகிறார்களாம்.

திருவனந்தபுரத்தில் சித்திரா என்ற செயற்கை இதய வால்வு உருவான கதையை எட்டாம் கூட்டத்தில் வாசித்தோம். ஸ்ரீ சித்திரத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் செய்த மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. ஒன்றில் நீலக்கல் வட்டு உடைந்தது. நான்காவது மாதிரியில் வட்டு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். அது 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "நாலு தரம் செஞ்சாங்களா? நம்ம கையுறையை ஒரு தரம் செஞ்சிட்டு விட்டுட்டாங்களே" என்றார். நான் கட்டுரையை மூடி வைத்துவிட்டேன்.

மற்றவை. பல கட்டுரைகளுக்கு இணையத்தில் பணம் கேட்டார்கள். கட்டுரையாசிரியர்களுக்கே நேரடியாக எழுதிக் கேட்டோம், பெரும்பாலோர் அனுப்பி வைத்தார்கள். ஓர் ஆபீசைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதினோம், பதில் இல்லை. கூட்ட அறையில் மாட்டிய மின்விசிறி இன்னும் சத்தம் போடுகிறது. வரும் ஆண்டுக்கு ரப்பர் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. சாம்பல் பற்றி அக்கா சொன்னதைத் தமிழில் எழுதி, வேதியியல் ஆசிரியர் குறிப்போடு சிறு துண்டறிக்கையாக அச்சடிக்கலாமா என்று பொதுக்குழு முடிவு செய்ய வேண்டும். அக்காவின் ஒரே நிபந்தனை, அதில் கையுறை போடுங்கள் என்ற வரி வரக் கூடாது.

விரல் வெட்டிய ஐந்து ஜோடிக் கையுறைகளும் பீரோவில், மேல் தட்டில் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் பார்க்கலாம். கறை இன்னும் காயவில்லை, சட்டையில் படாமல் எடுங்கள்.

செயலாளர்