பரங்கிப்பேட்டையில் ஒரு பலகையாவது வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று எந்தப் பத்திரிகை எழுதினாலும், உங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சில்வர் பீச், சிதம்பரம் கோயில், பிச்சாவரம் படகு, அவ்வளவுதான். பிச்சாவரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற பரங்கிப்பேட்டையை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. போனால் போகிறது என்று எழுதினாலும் "அமைதியான மீனவக் கிராமம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அமைதி என்னவோ உண்மைதான், பு.முட்லூரில் கிழக்கே திரும்பி ஊருக்குள் போனால் மத்தியான நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைத் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் இந்த ஊர் பார்த்த ஆட்டம் கொஞ்சமா?

செஞ்சி நாயக்கர் காலத்தில் போர்த்துகீசியர் வந்து இறங்கினார்கள், அப்புறம் டச்சுக்காரர், டேனிஷ்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்தார்கள். நம் மரைக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு மலாக்கா, ஆச்சே வரை போயின. பரங்கிப்பேட்டை வராகன் என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு தங்கக் காசு புழங்கியது. 1781 ஜூன் மாதம் சிதம்பரம் கோயில் கோட்டையைப் பிடிக்கப் போய் முடியாமல் திரும்பிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், ஜூலை 1-ம் தேதி இந்த ஊரை ஒட்டிய மணல் மேட்டில்தான் தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஹைதர் அலி படையோடு மோதி ஜெயித்தார். கரையிலிருந்து மட்டுமில்லை, கடலில் நின்ற கப்பலில் இருந்தும் குண்டு பறந்தது.

எனக்கு இதையெல்லாம் விட இரும்பு விஷயம்தான் பெரிதாகப் படுகிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் இங்கே ஊது உலை கட்டி இரும்பு உருக்க ஆரம்பித்தார். தாது சேலத்துப் பக்கம் இருந்து வர வேண்டும், எரிக்க நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். எவ்வளவு காடு வெட்டினாலும் கரி போதவில்லை, கம்பெனி திரும்பத் திரும்பக் கடன் கொடுத்தும் கட்டுப்படியாகவில்லை. ஆனால் இங்கே உருக்கிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. ஹீத்தும் அங்கே போய், மாங்கனீசு சேர்த்து நல்ல எஃகு செய்யும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார், அதை மற்றவர்கள் சாமர்த்தியமாகச் சுற்றி வளைத்துப் பயன்படுத்திவிட, மனிதர் கோர்ட்டும் வழக்குமாக அலைந்து செத்தார். ஜாம்ஷெட்பூரில் உலை வருவதற்கு எழுபது எண்பது வருஷம் முன்னால் நம் மாவட்டத்தில் நடந்த கதை இது. நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்றைக்கும் ஊர் சும்மா இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது, எங்கெங்கிருந்தோ வந்து படிக்கிறார்கள். இந்தக் கழிமுகப் பக்கம் வற்றம் இருக்கும் நேரத்தில் போனால் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதன் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டுமே. சுனாமி அன்று சுற்றியிருந்த மீனவக் குப்பத்து மக்களுக்கு இந்த ஊர் முஸ்லிம் ஜமாஅத் இடம் கொடுத்து, நாள்கணக்கில் சோறு போட்டது. சாதி மதம் பற்றி டிவியில் கத்துபவர்கள் இதையும் கொஞ்சம் சொல்லலாம்.

நான் கேட்பது மணிமண்டபம் இல்லை, அது கட்டினால் பூட்டித்தான் வைப்பார்கள். பேருந்து நிலையத்திலும் ஆற்றங்கரையிலும் தமிழில் பெரிய எழுத்தில் ஒவ்வொரு பலகை, அதில் ஊரின் கதை. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் ஒரு மாதத்து வேலை. உங்கள் பத்திரிகையும் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அப்படி எழுதும்போது ஒன்றே ஒன்று. பரங்கிப்பேட்டை இரும்பில்தான் பிரிட்டனில் மெனாய் தொங்கு பாலம் கட்டினார்கள் என்று பலரும் பெருமையாக எழுதுகிறார்கள். அந்தப் பாலம் 1826-லேயே திறந்தாகிவிட்டது, அப்போது இங்கே உலையே கிடையாது. பக்கத்திலேயே 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தைச் சொன்னாலாவது கணக்கு ஒத்துவரும். தயவுசெய்து மெனாயைப் பலகையில் ஏற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்