கொக்கலவிலிருந்து பறந்த கனடாக்காரர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று அறிந்து பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மகள் புது வேலைக்குப் போகிறாள். குளிர் தொடங்கிவிட்டது.

நவம்பர் மாதம் என்பதால் இங்கே எல்லார் சட்டையிலும் போரில் இறந்த வீரர்களின் நினைவாகச் சிவப்புப் பொப்பிப் பூ. இரவில் நான் பழைய கனேடியப் படைவீரர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஹிஸ்டோரிக்கா கனடா என்ற அமைப்பு 2,000 பேருக்கு மேல் தேடிப்போய், அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துச் சேர்த்திருக்கிறது. எவ்வளவு பெரிய காரியம்!

இரண்டாம் உலகப் போரில் ஹொங்கொங்கைக் காக்கப் போன கனேடியப் படையினரின் கதைதான் என்னை மிகவும் வருத்தியது. 1,975 பேர் போனார்கள். 1941 நத்தார் தினத்தில் நகரம் ஜப்பானிடம் சரணடைந்தது. 550 பேருக்கு மேல் வீடு திரும்பவே இல்லை. சிறைமுகாமில் சத்தில்லாத சோற்றையே தின்று, காலில் மின்சாரம் பாய்வது போன்ற வலி வந்ததாம். தூங்க முடியாமல் குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதற்கு நட்டஈடாகக் கனேடிய அரசு ஆளுக்குச் சுமார் 24,000 டொலர் கொடுத்தது 1998இல். அதற்குள் எத்தனை பேர் செத்துப்போனார்கள்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உனக்குச் சொல்ல நினைத்த ஆள் லெனர்ட் பேர்ச்சல். நயாகராவுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் கத்தரின்ஸில் பிறந்தவர். கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியோடு காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலவில் வந்திறங்கி இரண்டே நாள். 1942 ஏப்ரல் 4 அன்று தண்ணீரில் இறங்கக்கூடிய கற்றலீனா விமானத்தில் கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம், தெற்கே அடிவானத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்திருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பான் கடற்படை இலங்கையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது! செய்தியை மூன்று முறை அனுப்பவேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கம்பியில்லாக் கருவியில் குண்டு விழுந்தது. ஒன்பது பேரில் ஆறு பேர்தான் உயிரோடு பிடிபட்டார்கள்.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுவதற்கு முன்பே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள். 9ஆம் திகதி நம்முடைய திருமலையில் அடித்தான். மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அன்று மூழ்கியதுதான்.

இலங்கையைக் காத்தவர் என்று அவரைப் புகழ்கிறார்கள், நியாயம்தான். ஆனால் என் மனதில் அவரை உயர்த்தியது பிறகு நடந்தது. ஜப்பானில் கைதியாக இருந்தபோது, நோயாளிகளையும் துறைமுகத்தில் மூட்டை தூக்க அனுப்பியிருக்கிறார்கள். அவர்களை விடும்வரை ஒருவரும் வேலை செய்யக்கூடாது என்று தன் ஆட்களை நிறுத்திவிட்டார். அதற்காக அடி வாங்கி, தண்டனை முகாமுக்கும் போனார். முகாமில் நடந்ததையெல்லாம் ரகசியமாக எழுதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். போர் முடிந்தபின் விசாரணைகளில் அந்தக் குறிப்புகள்தான் சாட்சியாயின. 2004இல் கிங்ஸ்டனில் காலமானார், 89 வயது.

இதையெல்லாம் கேட்கக் கேட்க உன் அம்மாவின் நினைவு வந்தது. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று சின்ன வயதில் அவ எங்களுக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அப்போது அவவுக்கு ஆறேழு வயது இருக்கும். கனடாக்காரரின் பக்கம் முழுக்கப் பதிவாகியிருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த எங்கள் சனத்தின் குரல் எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு உதவி செய். அம்மா களைப்பில்லாமல் இருக்கும் ஒரு பின்னேரம் தொலைபேசியில் பதிவை அமுக்கி வைத்துவிட்டுக் கதையைக் கிளப்பு. எந்த வழியால் ஓடினார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எப்போது திரும்பினார்கள் என்று கேள். இடையில் மறித்துத் திருத்தாதே, அவ போக்கில் சொல்லட்டும். பக்கத்து வீட்டு ஆச்சி இருந்தால் அவவையும் கூட்டி வா. பெரிய கோப்பாக இருந்தால் வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பு. எழுத்தில் எடுப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்