செல்லைப் படிக்கும் கணினிக்குப் பாடம் சொன்னவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை ஆழ்கற்றல் முறையில் (எடுத்துக்காட்டுகளைக் காட்டிக் கணினியைக் கற்கவைக்கும் முறை) ஆராய்வது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட பொருளைத் தமிழில் எடுத்து எழுதுவோர் குறைவு என்பதால் முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரையைப் படித்து முடிக்கும் ஒரு கல்லூரி மாணவர், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா எது, கோல்கை உறுப்பு எது என்று மனிதர் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டிய தேவை இனி இல்லை, எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும் என்ற முடிவுக்கே வருவார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அம்முடிவு ஏன் பிழையானது என்பதையும், நம் மாவட்டத்து மாணவர்கள் இத்துறையில் எந்த இடத்தில் நுழைய முடியும் என்பதையும் எழுத விரும்புகிறேன்.

ஒளி நுண்ணோக்கியில் ஏறத்தாழ 200 நானோமீட்டரைவிட (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) நெருக்கமாக உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காண இயலாது. வில்லையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் ஒளியின் அலைநீளம் விதிக்கும் அந்த எல்லை நகராது. செல்சவ்வின் தடிமனோ 7 அல்லது 8 நானோமீட்டர்தான். புரதத்தை உருவாக்கும் துகளான ரைபோசோமின் குறுக்களவு 20 முதல் 30 நானோமீட்டர். 1931ஆம் ஆண்டு பெர்லினில் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் ஒளிக்கு மாற்றாக எலக்ட்ரான் கற்றையைக் காந்த வில்லைகளால் குவிக்கும் கருவியை உருவாக்கிய பிறகுதான் இந்த எல்லையைத் தாண்ட வழி பிறந்தது. ருஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986இல். செல்லின் உள்ளமைப்பையும் செயல்பாட்டையும் விளக்கிய பணிகளுக்கான பரிசு, ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே, கிறிஸ்டியன் டி டுவ் ஆகிய மூவருக்கும் அதற்கு முன்பே, 1974இல், கிடைத்துவிட்டது.

கருவியைவிட அதற்குள் வைக்கும் துண்டைத் தயாரிப்பதில்தான் பொறுமை அதிகம் வேண்டும். திசுவைக் குளுட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, சவ்வுகள் கருமையாகத் தெரிவதற்காக ஆஸ்மியம் டெட்ராக்சைடு ஏற்றி, ஆல்கஹாலில் படிப்படியாக நீரை அகற்றி, எபாக்சி ரெசினில் பதித்து இறுகவைத்த பின், கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ 60, 70 நானோமீட்டர் தடிமனுள்ள சீவல்களாக வெட்ட வேண்டும். கத்தியின் விளிம்பிலிருந்து சீவல் நீரின் மேல் மிதந்து வரும்போது அது வெள்ளியாக மினுங்கினால் தடிமன் சரி. பொன்னிறம் காட்டினால் தடித்துவிட்டது என்று தள்ளிவிட்டு அடுத்ததை வெட்டுவார்கள். அதன் பின் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தாமிர வலையில் சீவலை ஏந்தி, யுரேனைல் அசிட்டேட், ஈய சிட்ரேட் என்னும் கன உலோகச் சாயங்களை இட்டுக் கருவிக்குள் அனுப்ப வேண்டும். கிடைப்பது சாம்பல் நிறப் படம் மட்டுமே. பத்திரிகைகளில் நாம் காணும் பச்சையும் ஊதாவும் பிறகு கணினியில் பூசப்பட்டவை என்பதைத் தங்கள் கட்டுரை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஒரு சீவல் ஒரு தளத்தை மட்டுமே காட்டும். நேந்திரங்காயைச் சிப்ஸுக்குச் சீவுவதுபோல முழுச் செல்லையும் தொடர்ந்து சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, வரிசை மாறாமல் மீண்டும் அடுக்கினால்தான் முப்பரிமாண வடிவம் புலப்படும். நுண்ணோக்கியின் அறைக்குள்ளேயே கத்தியைப் பொருத்தி, வெட்ட வெட்டப் படமெடுக்கும் முறையை 2004இல் வின்ஃபிரீட் டெங்கும் ஹைன்ஸ் ஹோர்ஸ்ட்மனும் வெளியிட்டனர். கத்திக்குப் பதிலாக அயனிக் கற்றையால் சில நானோமீட்டர் அளவுக்கு மேற்பரப்பைச் செதுக்கிச் செதுக்கிப் படமெடுக்கும் முறையும் இன்று உள்ளது. 20 மைக்ரோமீட்டர் (அதாவது 20,000 நானோமீட்டர்) பக்கமுள்ள ஒரு செல்லை 4 நானோமீட்டர் இடைவெளியில் இவ்வாறு படமெடுத்தால் 5,000 படங்கள் கிடைக்கும். ஒரு படத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் எல்லைகளை மட்டும் கையால் வரைய 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே செல்லின் ஒரே உறுப்புக்கு 800 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆழ்கற்றல் இத்துறைக்குள் வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். சிட்னி பிரென்னர், ஜான் வைட் குழுவினர் 302 நரம்புச் செல்களே உள்ள ஒரு சிறு புழுவின் நரம்பு வலைப்பின்னலைக் கையால் தடம்பிடித்து 1986இல் முழுமையாக வெளியிடப் பத்தாண்டுக்கும் மேல் ஆயிற்று என்பதை நினைத்தால், 2024இல் வெளியான பழ ஈயின் மூளை வரைபடத்தில் 1,39,255 நரம்புச் செல்கள் இடம்பெற்றிருப்பது எத்தகைய பாய்ச்சல் என்பது விளங்கும்.

ஆனால் அந்தக் கணினி எங்கே படித்தது? இத்துறையில் இன்றும் பெரிதும் பயன்படும் யூ-நெட் என்னும் ஆழ்கற்றல் வலையமைப்பை 2015இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலாஃப் ரோனபெர்கர், பிலிப் ஃபிஷர், தாமஸ் புரோக்ஸ் ஆகியோர் வெளியிட்டனர். அதைச் சோதித்துக் காட்டிய தரவுகளுள் ஒன்று, பழ ஈயின் இளம்புழுவின் நரம்புத் தண்டிலிருந்து எடுத்த 30 எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள். ஒவ்வொன்றும் 512 பிக்சல் நீளமும் 512 பிக்சல் அகலமும் கொண்டது. அந்த முப்பதிலும் எது சவ்வு, எது செல்லின் உட்பகுதி என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் மனிதர் குறியிட்டிருந்தனர். படங்கள் குறைவு என்பதால் அவற்றையே நெளித்தும் வளைத்தும் திருப்பியும் கணினிக்கு மீண்டும் மீண்டும் காட்டினர். அருகருகே ஒட்டியிருக்கும் இரு செல்களுக்கு இடையேயான மெல்லிய எல்லையைத் தவறவிட்டால் கூடுதல் தண்டனை என்று கணக்கை அமைத்தனர். செல்களைப் பிரிப்பதில் எந்த இடம் முக்கியம் என்று அறிந்தவர் எடுத்த முடிவு அது. கணினிக்கு அது தானாகத் தோன்றவில்லை. லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தார், இணையத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு ஹீலா செல்களின் (ஆய்வகங்களில் வளர்க்கப்படும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) உட்கருச் சவ்வை வரையச் செய்து, ஒரே படத்துக்குப் பலர் வரைந்த கோடுகளை ஒன்றாக்கி அதைக் கொண்டே நிரலுக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்கள் பட்டம் பெற்ற உயிரியலாளர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை; முறையாகச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள் வரைந்தார்கள்.

துல்லியம் இத்தனை சதவீதம் என்று எழுதும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். ஒரு படத்தில் நாம் தேடும் உறுப்பு நூற்றில் ஒரு பங்கு இடத்தையே பிடித்திருக்கிறது என்று கொள்வோம். எந்தப் படத்தைக் காட்டினாலும் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் நிரலுக்குக்கூட, பிக்சல் கணக்கில் 99 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். ஆகவே மனிதர் வரைந்த பரப்பும் கணினி வரைந்த பரப்பும் எந்த அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்று பார்ப்பதே இத்துறையினரின் வழக்கம். அதுவும் போதாத இடங்கள் உண்டு. ஒரு சீவலில் சவ்வு சாய்வாக வெட்டுப்பட்டால் அங்கே கோட்டுக்குப் பதிலாகச் சாம்பல் நிறப் புகைமூட்டம் மட்டுமே தெரியும். அந்தச் சில பிக்சல்களில் கணினி இடறினால், படத்தின் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. ஆனால் வெவ்வேறான இரு நரம்புச் செல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, அவற்றின் கிளைகள் எல்லாம் தவறான கணக்கில் சேர்ந்துவிடும். மேலே சொன்ன பழ ஈ மூளை வரைபடத்தில் கணினி முதலில் பிரித்துத் தந்ததை உலகின் பல ஆய்வகங்களைச் சேர்ந்தவர்களும் தன்னார்வலர்களும் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒட்டியதை வெட்டியும் வெட்டியதை ஒட்டியும் திருத்திய பிறகே அது வெளியிடத்தக்கதாயிற்று. கட்டுரையில் இந்தத் திருத்தும் பணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதே என் முதன்மையான குறை.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேர் வாடல் நோயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1882ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மத்திய கேரளத்தில் முதன்முதல் கவனிக்கப்பட்டதாகப் பதிவுள்ள இந்நோய்க்குக் காரணம் பூஞ்சையா, பாக்டீரியாவா, வைரஸா, மண்ணின் சத்துக் குறைவா என்று நூறாண்டு காலம் விவாதம் நடந்தது. 1967இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், மல்பெரியில் வைரஸ் நோய் என்று கருதப்பட்டுவந்த குட்டை நோயில், செல்சுவரே இல்லாத நுண்ணுயிரிகள், உணவைக் கடத்தும் திசுவான ஃபுளோயத்தின் சல்லடைக்குழாய்களில் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். இன்று பைட்டோபிளாஸ்மா என்று அழைக்கப்படும் அவ்வகை உயிரிகளை, 1980களில் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நோயுற்ற தென்னையின் ஃபுளோயத்திலும் காட்டினர். விவாதத்தின் திசையை மாற்றியது அந்தச் சாம்பல் நிறப் படங்கள்தான்.

அத்தகைய படமொன்றை அருகில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். சல்லடைக்குழாயினுள் 200 முதல் 800 நானோமீட்டர் வரையிலான உருண்டைப் பைகள் தெரியும். சுற்றிலும் ஒற்றைச் சவ்வு, உள்ளே ரைபோசோம் துகள்கள், நடுவே இழை இழையாக டிஎன்ஏ. அதே குழாயில் சிதைவுற்ற மைட்டோகாண்ட்ரியாவும் வெற்று நுண்பைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருக்கக்கூடும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரிய இரட்டைச் சவ்வு இருக்கிறதா, உள்மடிப்பின் எச்சம் ஏதும் தெரிகிறதா என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஈயம் படிந்த கரும்புள்ளியை ரைபோசோம் என்று எண்ணும் ஆபத்தும், கத்தி அதிர்ந்ததால் விழுந்த கோடுகளைச் சவ்வு என்று எண்ணும் ஆபத்தும் உண்டு. ஹீலா செல், எலி, ஈ ஆகியவற்றின் படங்களிலேயே பெரிதும் பழகிய நிரல்களிடம், தடித்த சுவரும் பெரிய நுண்குமிழும் கொண்ட தாவரச் செல்லை அப்படியே கொடுத்தால் நம்பத்தகுந்த விடை கிடைக்காது. தென்னைக்குத் தென்னைப் படங்களில் குறியிட்டவர்கள் வேண்டும். ரப்பர் மரத்தின் பால்குழாய்களுக்கும் அப்படியே. (தோப்பில் நோயைக் கண்டறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி உகந்த வழியன்று, அதற்கு நோய்க்கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனை உண்டு என்பதையும், விவசாய வாசகர்கள் தவறாகக் கொள்ளாதபடி இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் விலை ஒரு கலை அறிவியல் கல்லூரிக்கு எட்டாதது. அதைக் கேட்டு நான் எழுதவில்லை. படங்களோ எவருக்கும் இலவசம். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்தும் எம்பியர் காப்பகத்திலும், அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகம் திறந்துவைத்துள்ள ஓப்பன்ஆர்கனெல் தளத்திலும் உள்ள படத் தொகுதிகளை நாகர்கோவிலில் இருந்துகொண்டே இறக்கிக்கொள்ளலாம். வரைவதற்கு ஃபிஜி, நப்பாரி போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. ஆகவே, நம் மாவட்டக் கல்லூரிகள் பல இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினர், தாவரவியல், விலங்கியல் முதுகலைச் செய்முறைத் தேர்வில் இத்தகைய படமொன்றில் உறுப்புகளை எல்லை வரைந்து அடையாளப்படுத்தும் பயிற்சியைச் சேர்க்க வேண்டும் என்று தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே படத்தை இருவர் தனித்தனியே வரைந்து, எங்கே முரண்படுகிறார்கள் என்று விவாதிப்பதும் அப்பயிற்சியில் இருக்க வேண்டும். நுண்ணமைப்புப் படங்களை வரையும் பகுதி பழமையானது என்று சொல்லிச் செய்முறைக் குறிப்பேட்டிலிருந்து அதைக் கழித்துவிடும் போக்கு சில இடங்களில் தெரிகிறது. இந்தக் காலத்தில் கைவிடவே கூடாத பகுதி அதுதான்.

பொறியியல் கல்லூரிகளுக்கும் ஒரு சொல். நம் மாவட்டத்தில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. இறுதியாண்டுத் திட்டப்பணியில் ஆழ்கற்றல் என்ற சொல் இடம்பெறாத வகுப்பும் அரிது. ஆனால் யாரோ சேர்த்துவைத்த இலைப் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, யாரோ எழுதிய நிரலை ஓட்டி, ஒரு சதவீதத்தை அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கும் பணிகளை, அந்த இலையைத் தொட்டுப் பார்த்த ஒருவரும் சரிபார்ப்பதில்லை. அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையோடு சேர்ந்து ஒரே ஒரு படத் தொகுதியை எடுத்து, குறியிடுவது அவர்கள், நிரலைப் பயிற்றுவிப்பது இவர்கள், பிழை திருத்துவது இருவரும் என்று செய்தால் திட்டப்பணிக்கும் பொருள் இருக்கும். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக நோயுற்ற தென்னையின் திசுவைப் பெற்று, கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிப் படமெடுத்து, குறியிட்ட படங்களைப் பொதுக் காப்பகத்தில் இடுவது அதற்கு அடுத்த கட்டம். அதற்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் திட்டங்களுக்கு அளிக்கும் நிதியைக் கேட்டுப் பார்க்கலாம்.

தங்கள் அறிவியல் பக்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கணினி ஒன்றைக் கண்டறிந்தது என்று இனி எழுதும்போது, எத்தனை படங்களில் அது பயிற்சி பெற்றது, அவற்றில் குறியிட்டவர்கள் யார், விடையைச் சரிபார்த்தவர்கள் யார் என்ற மூன்று விவரங்களையும் கட்டுரையில் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.