செயலாளரின் ஆண்டறிக்கை: ஐரோப்பிய மாயக்கதைப் படங்களின் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்படக் கழகத்தின் சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இவ்வாண்டை ஐரோப்பாவின் பழைய மாயக்கதைப் படங்களுக்கு ஒதுக்கினோம். நான்கு படங்கள் திரையிடப்பட்டன. இவற்றின் மாயம் முழுவதும் கையால் செய்தது. திரையிடுவதில் சிறு பிசகு நேர்ந்தாலும் அது குலைந்துவிடும். ஆகவே இவ்வறிக்கையில் திரையிடும் முறையைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

முதற்படம் லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உருவாக்கிய ‘இளவரசன் அக்மத்’. கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் கிடத்தி, மேலிருந்து ஒவ்வொரு படமாக எடுத்தார்கள். நம் தோல்பாவையில் ஒளி தோலை ஊடுருவி வண்ணம் காட்டும். இங்கோ உருவம் முழுக் கறுப்பு, பின்னணிக்கு மட்டுமே வண்ணம். புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. அறையின் இருட்டுதான் திரையில் கறுப்பு. சன்னலில் ஒற்றைத் திரைச்சீலை போட்ட ஒத்திகையில் உருவங்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. இரட்டைக் கறுப்புத் துணி கட்டி, வாசல் விளக்கின் ஒளி திரைப்பக்கம் வராதபடி அட்டை வைத்து மறைத்த பிறகே விரல்நுனிகள் பிரிந்து தெரிந்தன. வண்ணம் நீக்கிய கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் உலவுகின்றன, அவற்றை வாங்க வேண்டாம்.

அடுத்தது ழான் கொக்தோவின் ‘அழகியும் விலங்கும்’ (1946). போர் முடிந்த கையோடு, ஃபிலிம் தட்டுப்பாட்டுக்கும் மின்வெட்டுக்கும் நடுவே பிரான்சில் எடுத்த படம். விலங்காக நடித்த ழான் மரேயின் ஒப்பனைக்கு நாள்தோறும் ஐந்து மணிநேரம் ஆயிற்று: முகத்துக்கு மூன்று, கைக்கு ஒன்றாக இரண்டு. சுவரிலிருந்து நீண்டு விளக்குத்தண்டைப் பிடித்திருக்கும் கைகள் சுவருக்குப் பின்னால் நின்ற மனிதர்களுடையவை. மெழுகுவர்த்திகளை அணைத்துப் படமெடுத்து, ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டியதால் அவை தாமாகவே எரிகின்றன. அழகி நடைக்கூடத்தில் மிதந்து வருவது சக்கரப் பலகையில் நிற்க வைத்து இழுத்ததால். இதை முன்கூட்டியே சொன்னால் சுவை கெடும் என்று சிலர் அஞ்சினர். என் கருத்து வேறு: கை தெரிந்த பிறகுதான் வியப்பு கூடுகிறது. ஆயினும் விளக்கத்தைப் படத்துக்குப் பின்னரே வைத்துக்கொண்டோம்.

இப்படத்தின் அகல உயர விகிதம் ஏறக்குறைய 4:3. புரொஜெக்டரைத் தானியங்கி அமைப்பில் விட்டால் 16:9 திரைக்கு இழுத்துவிடும். விலங்கின் முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்று பூசணிக்காய் போலாகும். அமைப்பை 4:3 என்று கையால் மாற்றி, இருபுறம் மிஞ்சும் வெள்ளைத் திரையைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். சப்டைட்டிலிலும் ஒரு சிக்கல். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கான பிரதி நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும், சினிமாப் பிரதி 24. சினிமாப் பிரதிக்கான சப்டைட்டிலை மற்றதில் போட்டால் ஒரு மணிநேரத்தில் இரண்டரை நிமிடம் பின்தங்கும். தொடக்கத்தில் நகர்த்தி வைத்துப் பயனில்லை, எல்லா நேரங்களையும் 0.96 ஆல் பெருக்க வேண்டும்.

மூன்றாவது, செக் இயக்குநர் காரெல் ஜெமானின் ‘அழிவுக்கான கண்டுபிடிப்பு’ (1958). இதில் அரங்கமும் உடையும்கூட பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் நூல்களின் பழைய செதுக்கோவியம் போல் கோடு கோடாக இருக்கும். புரொஜெக்டரில் கூர்மை அமைப்பை ஏற்றினால் கோடுகள் நெளியும், அதைச் சுழியாக்குங்கள். கோணலாக விழும் படத்தை நேராக்கும் சாய்வுத் திருத்தமும் கூடாது. புரொஜெக்டரையே திரைக்கு நேராக வையுங்கள்.

இவ்வாண்டின் சிறந்த திரையிடல் ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’ (1973). செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்த படம் இது. இயக்கம் வாத்ஸ்லாவ் வோர்லிசெக். கதை செக் எழுத்தாளர் போஷெனா நெம்சோவா எழுதி வைத்த வடிவம். தேவதையும் பூசணித் தேரும் கிடையாது. மூன்று கொட்டைகளிலிருந்து வேட்டை உடை, நடன உடை, மணவுடை என்று வரும். குதிரையேறி அம்பெய்யும் பெண் இவள். திரைக்கதை எழுதிய ஃபிரான்டிஷெக் பாவ்லிசெக் அரசின் தடைக்கு உள்ளானவர் என்பதால் படத்தில் வேறொருவர் பெயர்தான் வந்தது. அவர் பெயரை நம் அறிவிப்புத்தாளில் முதல் வரியில் அச்சிட்டோம்.

குழந்தைகளால் சப்டைட்டில் படிக்க முடியாது. நார்வேயில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் இப்படத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போது, மூல ஒலி பின்னணியில் கேட்க, ஒரே ஆண்குரல் எல்லார் வசனத்தையும் சொல்லும். அதையே தமிழில் செய்தோம். மௌனப்படக் காலத்தில் நம் கொட்டகைகளில் கதை சொன்னவர்களின் வேலைதான் இது. ஒத்திகையில் மூன்று பிழைகள் தெரிந்தன. தமிழ் வாக்கியம் நீண்டு அடுத்தவர் வசனத்தில் ஏறியது. எழுதியதில் மூன்றிலொரு பகுதியை வெட்டினோம். குரலை மாற்றி நடித்துப் பேசியபோது பிள்ளைகள் சொல்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சமநிலையான குரலே போதும். மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் வைத்ததால் கீச்சிட்டது, பின்வரிசைக்கு மாற்றினோம். மூலக்குரல் தொடங்கி அரை நொடி கழித்துப் பேச வேண்டும். பாட்டு வரும்போது வாய் திறக்கக் கூடாது, பொருளை முன்பே இரண்டு வரியில் சொல்லிவிடலாம்.

வரும் ஆண்டில் அலெக்சாந்தர் ப்டூஷ்கோவின் ‘கல்மலர்’ (1946), ழாக் டெமியின் ‘கழுதைத்தோல்’ (1970) ஆகிய இரண்டையும் இதே முறையில் திரையிடப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். தமிழ்ச் சொல்லுரை எழுத இருவரும், ஒத்திகைக்கு ஒருவரும் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது படிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்